மடற்குழுவில் உறுப்பினர் அல்லாதவர் எழுதலாமா? முடிவெடுப்பது முதல் அன்றாடம் நடத்துவது வரை

கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்கோ ஆய்வுக் குழுவுக்கோ ஒரு மடற்குழுவை (ஒரே முகவரிக்கு எழுதினால் உறுப்பினர் எல்லாருக்கும் போய்ச் சேரும் மின்னஞ்சல் குழுவை) நடத்தத் தொடங்கினால், சீக்கிரமே இந்தக் கேள்வி வந்து நிற்கும்: குழுவில் சேராதவர் அனுப்பும் மடலை உள்ளே விடுவதா, வேண்டாமா? புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் பெரும்பாலும் ஸ்பேமுக்குப் பயந்து கதவை அடைத்துவிடுகிறார்கள். சிலர் முழுக்கத் திறந்துவிட்டு, சில மாதங்களில் உறுப்பினர்கள் வெளியேறத் தொடங்கியதும் அடைக்கிறார்கள்.

என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விவாதக் குழுவாக இருந்தால் வெளியார் மடலை ஏற்க வேண்டும். ஆனால் ஒவ்வொருவரின் முதல் மடலையும் ஒரு மனிதர் பார்த்த பிறகே அது குழுவுக்குப் போக வேண்டும். இதைச் சரியாக அமைப்பதில் வரிசை முக்கியம். பலர் தடுமாறுவது கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்வதால்தான்.

உதாரணங்களுக்கு, மடற்குழு நடத்தப் பயன்படும் மெயில்மேன் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். கூகுள் குரூப்ஸ் போன்ற மற்றவற்றிலும் இதே அமைப்புகள் பெரும்பாலும் வேறு பெயர்களில் இருக்கும்.

1. வெளியிலிருந்து எழுதுவது யார் என்று பாருங்கள்

அமைப்புப் பக்கத்தைத் திறப்பதற்கு முன், ஏற்கெனவே தடுத்து வைக்கப்பட்ட மடல்களைப் படியுங்கள். ‘வெளியார்’ என்றதும் ஸ்பேம் அனுப்புபவர்தான் மனதில் வருவார். அந்த மடல்கள் காத்திருக்கும் வரிசையைப் பார்த்தால் படம் வேறு மாதிரி இருக்கும்.

நல்ல மடல்களில் கணிசமானவை உங்கள் உறுப்பினர்களே அனுப்பியவை. ஜிமெயிலில் சேர்ந்தவர் அலுவலக முகவரியிலிருந்து பதில் எழுதியிருப்பார். பல்கலைக்கழக முகவரியில் சேர்ந்தவர் படிப்பை முடித்த பிறகு சொந்த முகவரியிலிருந்து எழுதியிருப்பார். அவர் தன்னை உறுப்பினராகத்தான் நினைக்கிறார், மென்பொருள்தான் அப்படி நினைப்பதில்லை.

அடுத்து, ஒரே ஒரு கேள்வியோடு வருபவர்கள். உங்கள் நிரலில் வழுவை (பிழையை) கண்டவர், தீர்வோடுகூட வந்திருப்பார். அவரிடம் ‘முதலில் சேருங்கள், பிறகு எழுதுங்கள்’ என்றால் பலர் அப்படியே போய்விடுவார்கள். நட்டம் நமக்குத்தான்.

மூன்றாவது, இரண்டு குழுக்களுக்குச் சேர்த்து எழுதப்படும் மடல்கள். விவாதம் இரண்டிலும் நடக்கும்போது, ஒன்றில் மட்டும் உறுப்பினராக இருப்பவரின் பதில் மற்றதில் தடுக்கப்படும். அந்தக் குழுவின் காப்பகத்தை (பழைய மடல்களின் தொகுப்பை) பின்னால் படிப்பவருக்குப் பாதி உரையாடல்தான் கிடைக்கும்.

இவை போக, பிழைகளைப் பதிவுசெய்யும் பிழைத்தடத் தளம், நிரலைச் சேமித்து வைக்கும் களஞ்சியம் போன்றவை தாமாக அனுப்பும் மடல்களும் வரும்.

2. குழுவின் வேலையைப் பார்த்து முடிவெடுங்கள்

அறிவிப்புக் குழுவா? அப்படியானால் உறுப்பினர்கள்கூட நேரடியாக எழுதக் கூடாது. வெளியார் பேச்சே எழாது.

பாதுகாப்புக் குறைபாடுகளைத் தெரிவிப்பதற்கான முகவரியா? அங்கே வெளியாரைத் தடுத்தால் குழுவே வீண். குறைபாட்டைக் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் வெளியாராகத்தான் இருப்பார். மடல்களை ஏற்க வேண்டும், காப்பகத்தை மட்டும் உறுப்பினர்களுக்கு உள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். எழுத அனுமதிப்பதும் படிக்க அனுமதிப்பதும் தனித்தனி அமைப்புகள். இரண்டையும் ஒன்றாக நினைத்து, மடலை ஏற்கிறோம் என்று காப்பகத்தையும் திறந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

நிர்வாகிகளின் உள்விவாதக் குழுவானால் அடைத்துவிடலாம். அதில் தவறே இல்லை.

மிச்சம் இருப்பது பொது விவாதக் குழு. இங்கேதான் நிஜமான முடிவு தேவைப்படுகிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலை உருவாக்குபவர்களின் மடற்குழுவில் சேராமலேயே யாரும் எழுதலாம். அங்கே தடை உள்ளடக்கத்துக்குத்தான்: எச்டிஎம்எல் மடல் திருப்பப்படும், வெறும் உரையாக அனுப்ப வேண்டும். லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட டெபியன் இயங்குதளத் திட்டத்தின் பெரும்பாலான குழுக்களும் திறந்தவையே. இவற்றைக் காட்டி ‘அவர்களே திறந்து வைத்திருக்கிறார்கள், நாமும் திறப்போம்’ என்று சிலர் சொல்வதுண்டு. அந்தத் திட்டங்களில் மடல் வழங்கியையும் (மடல்களை வாங்கி அனுப்பும் கணினியையும்) ஸ்பேம் வடிகட்டியையும் கவனிக்கத் தனியாக ஆட்கள் இருக்கிறார்கள். ஓய்வு நேரத்தில் ஒருவரோ இருவரோ நடத்தும் குழுவுக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் ‘முதல் மடலைப் பார்த்து விடுவது’ என்ற நடுவழியைச் சொல்கிறேன்.

3. திறப்பதற்கு முன் தயாராக இருக்க வேண்டியவை

முதல் தேவை ஆட்கள். நிறுத்திவைத்த மடல்களைப் பார்த்து முடிவெடுக்கும் மட்டுறுத்துநர்கள் குறைந்தது இருவர், முடிந்தால் வேறு வேறு நேர மண்டலங்களில். ஒருவர் மட்டும் இருந்தால், அவர் ஊருக்குப் போகும் வாரத்தில் வரிசை தேங்கிவிடும். மூன்று வாரம் கழித்து விடப்பட்ட கேள்விக்குப் பதில் எழுதினாலும் கேட்டவருக்குப் பயனில்லை. ஆள் கிடைக்கவில்லையென்றால் கிடைக்கும்வரை குழுவை மூடியே வைத்திருங்கள். பதிலே வராத திறந்த கதவைவிட, ‘சேர்ந்தால்தான் எழுதலாம்’ என்று தெளிவாகச் சொல்வது மரியாதையானது.

இரண்டாவது, ஸ்பேம் வடிகட்டி. அது மடற்குழு மென்பொருளுக்கு முன்னாலேயே, மடல் வழங்கியில் நிற்க வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மடல் வழங்கி மென்பொருளை வைத்திருந்தால் அதோடு ஆர்ஸ்பேம்டி அல்லது ஸ்பேம்அசாசின் என்ற வடிகட்டியை இணையுங்கள். மடல் உள்ளே வருவதற்கு முன், அனுப்பும் வழங்கியோடு பேசிக்கொண்டிருக்கும்போதே மறுத்துவிட்டால் திருப்பி அனுப்பும் வேலை நமக்கு இல்லை. இதைச் செய்யாமல் வரிசையைத் திறந்தால், நூறு குப்பைக்கு நடுவே ஒரு நல்ல மடலைத் தேடும் நிலை வரும். அந்த வேலை மட்டுறுத்துநரை வெகு விரைவில் களைப்படையச் செய்யும். களைத்தவர் ‘எல்லாவற்றையும் நீக்கு’ பொத்தானைத் தட்டிவிடுவார்.

மூன்றாவது, டிமார்க்: தன் முகவரியில் வரும் மடல் போலியெனத் தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஓர் அஞ்சல் சேவை மற்ற வழங்கிகளுக்கு அறிவிக்கும் முறை. 2014 ஏப்ரலில் யாகூ தன் முகவரிகளுக்குக் கடுமையான டிமார்க் கொள்கையை அறிவித்தபோது உலகெங்கும் மடற்குழுக்கள் தடுமாறின. காரணம் இதுதான்: குழு மென்பொருள் தலைப்பில் குழுவின் பெயரைச் சேர்க்கும், அடியில் ஓர் அடிக்குறிப்பை ஒட்டும். உடனே மூல மடலின் டிகிம் கையொப்பம் (மடல் வழியில் மாறவில்லை என்பதற்கான டிஜிட்டல் முத்திரை) செல்லாததாகிவிடும். பெறுபவரின் வழங்கி மடலைப் போலியென்று நினைத்துத் திருப்பும். மடல்கள் தொடர்ந்து திரும்பினால், மெயில்மேன் பெறுபவரின் சந்தாவையே நிறுத்திவைக்கும். ஆக, எங்கிருந்தோ ஒருவர் அனுப்பிய மடலால் உங்கள் உறுப்பினர்களுக்குக் குழுவே கிடைக்காமல் போகலாம். இதைத் தவிர்க்க மெயில்மேனில் டிமார்க் தணிப்பு அமைப்பை இயக்கி, ‘மஞ்ச் ஃப்ரம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது அனுப்புநர் இடத்தில் குழுவின் முகவரியை வைத்துவிடும்.

அளவு வரம்பையும் இப்போதே பாருங்கள். மெயில்மேனில் இயல்பாக இருப்பது 40 கேபி. வழுவைத் தெரிவிப்பவர் ஒரு திரைப்பிடிப்பை இணைத்தாலே மடல் அதைத் தாண்டிவிடும். அதேபோல் பெறுநர்கள் 10 பேர் என்ற இயல்பான வரம்பும் இருக்கிறது. நிறையப் பேருக்கு நகல் போடும் தொழில்நுட்ப விவாதங்கள் அதில் மாட்டும். உங்கள் குழுவின் பழக்கத்துக்கு ஏற்றபடி இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

4. உறுப்பினர் அல்லாதவருக்கான இயல்புச் செயலை அமையுங்கள்

மெயில்மேன் 3-இன் இணைய முகப்பான போஸ்டோரியஸில், குழுவின் அமைப்புகளுக்குள் மடல் ஏற்பு என்ற பகுதி இருக்கிறது. அதில் உறுப்பினர் அல்லாதவர் எழுதினால் என்ன செய்வது என்று ஐந்து தெரிவுகள் வரும். பெயர்கள் எளிமையாக இருப்பதால் பலர் யோசிக்காமல் தட்டிவிடுகிறார்கள்.

‘ஹோல்ட்’: மடலை நிறுத்திவைத்து மட்டுறுத்துநரிடம் காட்டும். பொது விவாதக் குழுவுக்கு இதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

‘ரிஜெக்ட்’: காரணம் சொல்லித் திருப்பி அனுப்பும். பார்க்க நாகரிகமாகத் தெரியும், ஆனால் இணையத்துக்குத் திறந்த முகவரியில் இது ஆபத்து. ஸ்பேமில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் திருடப்பட்டதாகவே இருக்கும். உங்கள் வழங்கி ஒவ்வொரு ஸ்பேமுக்கும் மறுப்பு மடலை எழுதி, சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். சில நாளில் உங்கள் வழங்கியே ஸ்பேம் அனுப்புவதாகத் தடைப்பட்டியலில் ஏறலாம். அதற்குப் பிறகு குழுவின் சொந்த மடல்களே உறுப்பினர்களுக்குப் போய்ச் சேராது.

‘டிஸ்கார்ட்’: சத்தமில்லாமல் அழித்துவிடும். எழுதியவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வேறு முகவரியிலிருந்து எழுதிய உறுப்பினர், தன்னை எல்லாரும் புறக்கணிப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். பொதுக் குழுவில் இதை இயல்புச் செயலாக ஒருபோதும் வைக்காதீர்கள்.

மிச்சம் இரண்டு: ‘அக்செப்ட்’, ‘டிஃபால்ட் பிராசஸிங்’. இரண்டும் மடலை விட்டுவிடும் என்பதால் ஒன்றுதான் என்று நினைக்கிறார்கள். ஒன்றல்ல. ‘அக்செப்ட்’ என்றால் அதற்குப் பின்னால் வரும் அளவு, பெறுநர் எண்ணிக்கை போன்ற சோதனைகள் எதையும் பார்க்காமல் உடனே விட்டுவிடும். ‘டிஃபால்ட் பிராசஸிங்’ என்றால் மற்ற உறுப்பினர் மடலைப் போலவே எல்லாச் சோதனைகளையும் செய்த பிறகு விடும். ஒருவரை நம்பி அனுமதிக்கும்போதுகூட இரண்டாவதைத்தான் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் நம்பிய நபர் ஒருநாள் 20 எம்பி இணைப்பை அத்தனை பேருக்கும் அனுப்பிவிடுவார்.

இன்னும் மெயில்மேன் 2.1 ஓடும் இடங்களில், தனியுரிமைத் தெரிவுகளுக்குள் அனுப்புநர் வடிகட்டிகள் என்ற பக்கத்தில் இதே அமைப்பு இருக்கும். அங்கே நான்கு தெரிவுகள்தான். ஆனால் அந்தப் பதிப்பு பைத்தான் 2-ஐ நம்பி ஓடுவது. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. இந்த வேலையில் கை வைக்கும்போதே பதிப்பு மாற்றத்துக்கும் நாள் குறித்துவிடுங்கள்.

5. பதில் எழுதியவருக்குப் போய்ச் சேர்கிறதா?

எல்லாருமே கோட்டை விடும் படி இதுதான். வெளியாரின் மடலை அனுமதிக்கிறோம், குழுவில் நல்ல பதில்கள் வருகின்றன, கேட்டவருக்கு ஒன்றுகூடப் போகவில்லை. அவர் சந்தாதாரர் இல்லை, அதனால் குழுவின் மடல்கள் அவருக்கு வராது. பதில் எழுதியவர்களோ ‘இவ்வளவு விளக்கினோம், ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை’ என்று வருத்தப்படுவார்கள்.

சிக்கல் பெரும்பாலும் ‘ரிப்ளை-டு’ (பதில் போக வேண்டிய முகவரி) அமைப்பில் இருக்கும். பதில்கள் எல்லாம் குழுவுக்கே வர வேண்டும் என்று, அந்த இடத்தில் குழுவின் முகவரியை வைத்திருப்பார்கள். உறுப்பினர்கள் மட்டும் இருக்கும் குழுவில் அது வசதிதான். வெளியார் எழுதும் குழுவில் அதுவே அவரை உரையாடலிலிருந்து வெட்டிவிடும், ஏனென்றால் ‘பதிலளி’ என்று அழுத்தினால் குழுவின் முகவரி மட்டும்தான் வரும்.

அதனால் திறந்த குழுவில் ‘ரிப்ளை-டு’வைத் தொடாமல் விடுங்கள். பதில் எழுதுபவர்கள் ‘அனைவருக்கும் பதிலளி’ என்பதைப் பயன்படுத்தட்டும். கெர்னல் குழுவின் வழக்கமும் இதுதான். டெபியன் குழுக்களின் வழக்கம் இதற்கு நேர் எதிர்: கேட்டுக்கொண்டால் ஒழிய எழுதியவருக்குத் தனி நகல் போடாதீர்கள் என்பார்கள். அதனால் அங்கே சேராதவர் எழுதும்போது ‘நான் குழுவில் இல்லை, எனக்கும் நகல் போடுங்கள்’ என்று மடலிலேயே குறிப்பிட வேண்டும். எந்த வழக்கமானாலும் வேலை செய்யும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, எழுதி வைத்துவிடுங்கள்.

‘அனைவருக்கும் பதிலளி’ என்றதும் சில உறுப்பினர்கள் ‘எனக்கு ஒரே மடல் இரண்டு முறை வருகிறது’ என்பார்கள். உண்மைதான். அதற்கு மெயில்மேனில் நகல் தவிர்ப்பு என்ற தெரிவு ஒவ்வொரு உறுப்பினர் கணக்கிலும் இருக்கிறது. அதை இயக்கினால், பெறுநர் வரிசையில் தன் முகவரி நேரடியாக உள்ள மடலின் குழுப் பிரதி அவருக்கு வராது. இந்தக் குறையைக் காரணம் காட்டி ‘ரிப்ளை-டு’வை மாற்றிவிடாதீர்கள்.

மூன்றாம் படியில் சொன்ன ‘மஞ்ச் ஃப்ரம்’ இங்கே குறுக்கே வரும். அனுப்புநர் இடத்தில் குழுவின் முகவரி வந்துவிட்டால் எழுதியவரின் முகவரி எங்கே போகும்? மெயில்மேன் அதை ‘ரிப்ளை-டு’விலோ ‘சிசி’யிலோ வைக்கும். எதில் வைக்கிறது என்பது உங்கள் மற்ற அமைப்புகளைப் பொறுத்தது. ஊகிக்க வேண்டாம். ஒரு சோதனை மடலை அனுப்பி, அதன் முழுத் தலைப்பகுதியைத் திறந்து, வெளியார் முகவரி எங்கே இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள்.

6. வரிசையைப் பார்க்கும் முறை

தினமும் ஒரு முறை பார்த்தால் போதும், ஆனால் தினமும் பார்க்க வேண்டும். நிலுவையில் உள்ள மடல்களை மெயில்மேனே நாளுக்கு ஒரு முறை நினைவூட்டும். அந்த மடல் உங்கள் ஸ்பேம் பெட்டிக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தடுக்கப்பட்ட ஸ்பேமின் தலைப்புகளை அதுவே சுமந்து வருவதால் அடிக்கடி அங்கேதான் போய் உட்காரும்.

முதலில் நல்லதைத் தேடுங்கள், அப்புறம் குப்பையைத் தள்ளுங்கள். நல்ல மடல்களைக் குறித்து அனுமதித்த பிறகு மிச்சத்தை மொத்தமாக நீக்கலாம். குப்பையை ஒவ்வொன்றாக நீக்கத் தொடங்குபவர்கள் பத்தாவது மடலுக்குள் தலைப்பை மட்டும் பார்த்துத் தள்ளத் தொடங்குகிறார்கள். ‘உதவி தேவை’ என்றோ தலைப்பே இல்லாமலோ எழுதும் புதியவர்தான் அதில் அடிபடுவார். நிறுத்தப்பட்ட மடலின் முதல் சில வரிகளையாவது படியுங்கள்.

கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக வெளியாரின் மடலை நிறுத்தாதீர்கள். ஓர் உறுப்பினர் எழுதினால் விட்டிருப்போமா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் விட்டுவிடுங்கள். மட்டுறுத்தல் ஸ்பேமுக்காக வந்த ஏற்பாடு. அதை விமர்சனத்தை வடிகட்டப் பயன்படுத்தினால், அது வெளியே தெரிந்த அன்றே குழுவின் மீதான நம்பிக்கை போய்விடும்.

7. அனுமதிப் பட்டியல்

நல்ல மடலை அனுமதிக்கும்போதே, அதே திரையில் அந்த அனுப்புநருக்கு இனி என்ன செய்வது என்றும் குறிக்கலாம். மெயில்மேன் 3-இல் அவருக்கு ‘டிஃபால்ட் பிராசஸிங்’ என்று வைத்துவிடுங்கள். அடுத்த மடலிலிருந்து அவர் காத்திருக்க வேண்டியதில்லை. இதைச் செய்ய மறந்தால் ஒரே நபரின் மடலைத் திரும்பத் திரும்ப அனுமதித்துக்கொண்டிருப்பீர்கள், அவரும் ஒவ்வொரு முறையும் காத்திருப்பார்.

வேறு முகவரியிலிருந்து எழுதும் உறுப்பினருக்கு இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. அந்த இரண்டாவது முகவரியையும் குழுவில் சேர்த்து, அதற்கு மடல் விநியோகத்தை மட்டும் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். எழுத முடியும், இரட்டை மடல் வராது.

பிழைத்தடம் போன்ற தானியங்கி முகவரிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். முழு டொமைனையே (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பகுதி) வடிவக் கோவையால், அதாவது பல முகவரிகளுக்கும் பொருந்தும் ஒரு பொதுக் குறியீட்டால், அனுமதிக்கும் வசதியும் இருக்கிறது. பெரிய பொது அஞ்சல் சேவைகளின் டொமைனை அதில் ஒருபோதும் போடாதீர்கள், வடிகட்டலே இல்லாததற்குச் சமம். அனுப்புநர் முகவரியைப் போலியாக்குவது எளிது என்பதால், பட்டியலில் உள்ள பெயரில் ஸ்பேம் வந்தால் அதிர்ச்சியடைய வேண்டாம். அந்த ஒரு முகவரியை மறுபடி ‘ஹோல்ட்’ நிலைக்கு மாற்றினால் போதும்.

8. எழுதுபவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்

குழுவின் அறிமுகப் பக்கத்தில் நான்கு செய்திகள் இருக்க வேண்டும். சேராமலும் எழுதலாம். முதல் மடல் பார்க்கப்பட்ட பிறகே வெளியாகும், அதற்கு ஒரு நாள் ஆகலாம். பதில் கிடைக்க என்ன செய்ய வேண்டும். மடல் பொதுக் காப்பகத்தில் நிரந்தரமாக இருக்கும். கடைசியானதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உறுப்பினருக்குக் காப்பகம் இருப்பது தெரியும். ஒரு கேள்வி கேட்க வந்தவர் ஏதோ உதவி மையத்துக்கு எழுதுவதாக நினைத்து, தொலைபேசி எண்ணையோ கடவுச்சொல் உள்ள பதிவுக் கோப்பையோ அப்படியே ஒட்டிவிடுவார். அப்படி ஒன்று வரிசையில் கண்ணில் பட்டால் மடலை விடாமல், அவருக்குத் தனியே எழுதி நீக்கி அனுப்பச் சொல்லுங்கள். முதல் மடலை மனிதர் பார்ப்பதன் பெரிய பயன்களில் இதுவும் ஒன்று.

‘உங்கள் மடல் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது’ என்ற தானியங்கிப் பதிலை இயக்கலாமா என்று கேட்பார்கள். ரிஜெக்டில் சொன்ன அதே ஆபத்து இதிலும் உண்டு: போலி முகவரிகளுக்கும் அது போகும். முன்னால் நிற்கும் வடிகட்டி பலமாக இருந்தால் இயக்குங்கள். எழுதியவருக்கு அது பெரிய ஆறுதல், ஒரே மடலை மூன்று முறை அனுப்ப மாட்டார். வடிகட்டி பலவீனமாக இருந்தால் அணைத்துவிடுங்கள்.

9. அறிவிப்பதற்கு முன் சோதியுங்கள்

குழுவில் இல்லாத முகவரி ஒன்றிலிருந்து மடல் அனுப்புங்கள். முடிந்தால் கடுமையான டிமார்க் கொள்கை உள்ள சேவையாக இருக்கட்டும், யாகூ அதற்கு ஏற்றது. அது வரிசைக்கு வருகிறதா, அனுமதித்த பின் உறுப்பினர்களுக்குப் போகிறதா, காப்பகத்தில் ஏறுகிறதா என்று பாருங்கள். பிறகு உறுப்பினர் ஒருவரை இரண்டு விதமாகவும் பதில் எழுதச் சொல்லுங்கள், ‘பதிலளி’ ஒன்று, ‘அனைவருக்கும் பதிலளி’ ஒன்று. இரண்டாவது அந்த வெளி முகவரிக்கு வந்தே தீர வேண்டும். கடைசியாக, அதே வெளி முகவரியிலிருந்து அந்தப் பதிலுக்குப் பதில் எழுதுங்கள். அனுமதிப் பட்டியல் சரியாக இருந்தால் அது நிற்காமல் போகும்.

இதை நிர்வாகியின் முகவரியிலிருந்து செய்துபார்த்து ‘எல்லாம் சரி’ என்று முடிவு செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நிர்வாகி பெரும்பாலும் உறுப்பினராகவும் இருப்பார், அதனால் அந்தச் சோதனை எதையும் காட்டாது.

10. ஸ்பேம் வெள்ளமாக வரும்போது

என்றாவது ஒருநாள் வரிசை திடீரென்று நிரம்பும். அப்போது உறுப்பினர் அல்லாதவருக்கான இயல்புச் செயலை ‘டிஸ்கார்ட்’ என்று மாற்றத் தோன்றும். மாற்றாதீர்கள். முதலில் மடல் வழங்கியின் வடிகட்டியை இறுக்குங்கள். வரும் மடல்களில் பொதுவாக உள்ள ஒரு சொல்லோ தலைப்பு வரியோ இருந்தால், அதற்கு மட்டும் ஒரு விதியை எழுதி நீக்குங்கள்.

உறுப்பினர்களின் முகவரிகளைப் போலியாக்கியே ஸ்பேம் வருகிறது என்றால் மெயில்மேனின் அவசர மட்டுறுத்தலை இயக்கலாம். அது எல்லாருடைய மடலையும் நிறுத்திவைக்கும், எதுவும் தொலையாது. இயக்கிய உடனே மற்ற மட்டுறுத்துநருக்குச் சொல்லிவிடுங்கள். அணைக்கும் பொறுப்பு யாருடையது என்பதையும் அப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வடிந்த பிறகும் அதை யாரும் அணைக்காமல் விட்டால், பழைய உறுப்பினர்களின் மடல்களும் வரிசையிலேயே கிடக்கும்.